சுபேதாரின் கடைவாய்ப் பல்

கூழாங்குடிக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பயனில்லை. சந்தைக்குப் போனால் மாட்டை முன்னால் விட்டு, அதன் பின்னாலேயே வீடு வந்து சேருகிற ஜனங்கள். மாடு விற்றுப்போனால் சந்தையிலேயே தங்கிவிடுவார்கள்.

அந்த ஊரில் பிச்சாண்டி, அங்கப்பன், சடையன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போவார்கள், பெண்ணைப் பார்ப்பார்கள், "பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள். ஆகவே மூன்று வேளைச் சோறும் அக்கா உண்ணாமலை வீட்டில்தான். உண்ணாமலைக்கு ஊரில் கெட்டிக்காரி என்று பேர். கூழாங்குடியில் அந்தப் பேர் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்ணாமலை மகளின் பிரசவத்துக்காகச் செங்கம் கிளம்பினாள். பஸ் ஏறுமுன் தம்பிகளை நிற்கவைத்துச் சொன்னாள்:

"டேய், சுபேதாரு எனக்கு மூத்த புள்ளை மாதிரி. நான் எப்படி உட்டுட்டுப் போறனோ அப்படியே திரும்பி வந்து பாக்கணும். அதுகிட்ட ஏதாவது ஒண்ணு குறைஞ்சிருந்துது, அப்புறம் என் அடுப்பங்கரைப் பக்கம் ஒருத்தன் மூஞ்சியும் தெரியக் கூடாது."

சுபேதார் என்பது அவள் வளர்த்த நாய். பெரிய உருவம், கனத்த குரல், திருடன் பக்கத்துத் தெருவில் தும்மினாலே குரைக்கும். அக்கா பஸ் ஏறியபோது அது பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. எப்படி விட்டாளோ அப்படியே இருக்க வேண்டுமே! மூன்று பேரும் முறைபோட்டு அதன் பின்னங்காலைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் அது உறுமிய பிறகுதான் விட்டார்கள்.

அதோடு தொல்லை தீர்ந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை. சுபேதார் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. சோற்றை முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், முனகிக்கொண்டே கீழே போட்டுவிடும். எச்சில் நூலாக ஒழுகியது. வலது கண்ணுக்குக் கீழே கன்னம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிவிட்டது. வாய் நாற்றமோ, பக்கத்தில் படுக்கும் பூனை கோமளம் ஜாகையை மாற்றிக்கொண்டு பரணுக்குப் போய்விட்டது.

"இன்னிக்குக் கிருத்திகை. விரதம் இருக்குது" என்றான் பிச்சாண்டி.

"நேத்தும் சாப்பிடலையே?" என்றான் சடையன்.

"நேத்து ஒத்திகை பாத்திருக்கும்."

அங்கப்பன் நாயின் முகத்தை உற்றுப் பார்த்தான். "கண்ணுக்குக் கீழே வீங்கிக் கெடக்கு பாருண்ணா. அக்கா நெனப்புல அழுதிருக்குது."

"ஒரு கண்ணுலதான வீக்கம்?"

"அக்காவைப் பாதி மறந்துடுச்சு போல."

சடையனுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. மூவரிலும் நாய்மேல் உயிரை வைத்திருந்தவன் அவன்தான். தட்டிலிருந்த சோற்றைச் சுபேதாருக்கு முன்னால் தானே தின்று காட்டினான், அதன் தலையைத் தடவிக் கெஞ்சினான். அது வாலை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டியது. சடையன் அழுதேவிட்டான். அக்கா வரும்போது நாய் எலும்பும் தோலுமாக நின்றால் சோறும் போச்சு, நாயும் போச்சு என்பது மூவருக்குமே விளங்கிவிட்டது.

மறுநாள் காலையில் பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா அவர்களைப் பார்த்தார், அவர்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"நாய் எங்கப்பா?"

"அதுக்குத்தான் உடம்பு சரியில்லையே, எப்படிம்மா அவ்வளவு தூரம் வரும்? ஊட்டுல படுக்கவச்சிட்டு வந்தோம்" என்றான் பிச்சாண்டி.

சடையன் நாலு காலில் நின்று, தலையைத் தொங்கப்போட்டு, எச்சில் ஒழுகவிட்டு நாய் இருக்கும் நிலையைக் காட்டினான். டாக்டரம்மா பொறுமைசாலி.

"கண்ணுக்குக் கீழே வீங்கினா பெரும்பாலும் மேல் கடைவாய்ப் பல்லுதான் காரணம். பல்லு உடைஞ்சு, வேர்ல சீழ் பிடிச்சிருக்கும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. மயக்க ஊசி போடணும், அதனால காலையில வெறும் வயிறு. எலும்பு கிலும்பு போட்டுடாதீங்க. எந்தப் பக்கம்னு தெரியணும்னா, கன்னத்தை வெளியிலருந்து மெல்லத் தொட்டுப் பாருங்க. தொடும்போது எங்கருந்து சத்தம் வருதோ அங்கதான் கோளாறு."

வீட்டுக்கு வந்ததும் அங்கப்பன் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சுபேதாரின் இடது கன்னத்தைத் தொட்டான். சத்தமில்லை. வலது கன்னத்தைத் தொட்டான். சுபேதார் சட்டென்று திரும்பி அவன் கட்டைவிரலைக் கவ்வியது. பல்லில் வலி இருந்ததால் அழுத்திக் கடிக்கவில்லை. கடி படவில்லை, பயம்தான் பட்டது. ஆனாலும் அங்கப்பன் போட்ட "ஐயோ" தெருமுனை வரை கேட்டது.

"சத்தம் எங்கருந்து வந்துச்சு?" என்றான் பிச்சாண்டி, குரலைத் தாழ்த்தி.

"அங்கப்பண்ணன்கிட்டருந்து" என்றான் சடையன்.

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேண்ணா. நாய் மூச்சுகூட விடலை."

பிச்சாண்டி தம்பியின் தோளில் கை வைத்தான். "அங்கப்பா, மனசைத் தேத்திக்க. கோளாறு உனக்குத்தான்."

அங்கப்பன் நாக்கால் வாய்க்குள் துழாவிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "ஆமாண்ணா. கொஞ்ச நாளா கடைவாய் ஓரத்துல ஒரு குடைச்சல் இருக்கத்தான் இருக்குது. நான் சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லலை."

மறுநாள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு அங்கப்பனை, தாடையைச் சுற்றித் துண்டு கட்டி, கைத்தாங்கலாக மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

"நாய் எங்கே?" என்றார் டாக்டரம்மா.

"நாய்க்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க சொன்னபடியே தொட்டுப் பாத்தோம். சத்தம் இவன்கிட்டருந்துதான் வந்துச்சு" என்றான் பிச்சாண்டி.

அங்கப்பன் ஊசிக்குத் தயாராக மேஜைமேல் ஏறிப் படுத்துக்கொண்டான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பவனைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"உனக்கு ஞானப்பல் முளைக்குதுப்பா. மனுஷங்க பல் டாக்டர்கிட்ட போய்க் காட்டு."

"ஞானமா?" பிச்சாண்டி பதறிவிட்டான். "அம்மா, எங்க வம்சத்துல அந்த வியாதி யாருக்குமே கிடையாதுங்களே!"

இனி இவர்களை நம்பினால் நாய் பிழைக்காது என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கம்பவுண்டரை ஓர் ஆட்டோவில் அனுப்பிச் சுபேதாரை வரவழைத்தார். மயக்க ஊசி போட்டு, பற்களில் மஞ்சளாகப் படிந்திருந்த காறையைச் சுரண்டி எடுத்து, பிளந்துபோயிருந்த வலது மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வெளியே சடையன் வேண்டிக்கொள்ளாத சாமியில்லை.

"காயம் ஆறுற வரைக்கும் குழைஞ்ச சோறு போடுங்க" என்று பல்லைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். "அப்புறம் தினமும் பல் விளக்கி விடணும். நீங்க எப்படி விளக்கிக்கிறீங்களோ அப்படித்தான். பூனைக்கும் சேர்த்துச் செய்யுங்க."

குழைந்த சோற்றைச் சுபேதார் தட்டுவரை நக்கித் தின்றதைப் பார்த்துச் சடையன் குதித்த குதி இருக்கிறதே, அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறிவிட்டன.

காயம் ஆறியதும் பல் விளக்கல் தொடங்கியது. அவர்கள் விளக்குவது வாய்க்கால் மேட்டில் குந்தி, வேப்பங்குச்சியை மென்றுகொண்டே ஊர்க்கதை பேசி. அப்படித்தான் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாரே! சுபேதாரை நடுவில் உட்காரவைத்து, குச்சியால் பல்லைத் தேய்த்துக்கொண்டே அதனிடம் ஊர்க்கதையும் பேசினார்கள். எல்லாம் சரியாக வந்தது. கொப்புளிப்பது மட்டும் வரவில்லை. ஊற்றிய தண்ணீரையெல்லாம் அது குடித்துவிட்டது.

"கொப்புளிக்கலைன்னா பல் விளக்கின கணக்குல சேராதே" என்றான் அங்கப்பன்.

நெடுநேர விவாதத்துக்குப் பிறகு முடிவாயிற்று: பல் விளக்குவது சுபேதார், அதற்குப் பதிலாகக் கொப்புளிப்பது சடையன். கோமளத்துக்கும் இப்படியே ஏற்பாடு செய்யப் போனார்கள். போன வேகத்தில் மூன்று பேரும் பூனை பிறாண்டிய முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு திரும்பினார்கள்.

அப்போதுதான் அங்கப்பனுக்கு நினைவு வந்தது. "அண்ணா, ஏதாவது ஒண்ணு குறைஞ்சாலும் சோறு கிடையாதுன்னுதானே அக்கா சொல்லிச்சு? இப்போ ஒரு பல்லு குறையுதே!"

கஞ்சிப் பசை தடவிப் பல்லைத் திரும்ப ஒட்டலாமா என்று யோசித்தார்கள். சுபேதார் பசையை மட்டும் நக்கித் தின்றது. கடைசியில் சடையன்தான் வழி சொன்னான். சின்னப் பிள்ளைகளுக்குப் பல் விழுந்தால் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள் இல்லையா? எறிந்தால் புதுப் பல் முளைக்குமே! அப்படியே செய்தார்கள். தினமும் காலையில் கூரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நாயின் வாயைப் பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை.

உண்ணாமலை வந்து இறங்கினாள். சுபேதார் தாவி வந்து அவள் முகத்தை நக்கியது. வாயைப் பார்த்தாள். பொக்கை தெரிந்தது. மூன்று பேரும் அவள் காலில் விழுந்து, நடந்தது அத்தனையும் ஒப்பித்தார்கள்.

உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டாள். "அட மடப் பசங்களா! உங்களை என்னன்னு சொல்றது? நாய்ப் பல்லை யாராவது வீட்டுக் கூரைமேல எறிவானா? நாய் வாசல்ல படுக்குது. கூரைக்குக் கீழே படுக்கிறவன் எவனோ, அவனுக்குத்தாண்டா அந்தப் பல்லு முளைக்கும்!"

வீட்டுக்குள் படுத்தவன் யார் என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா இல்லாத நாளெல்லாம் உள்ளே படுத்திருந்த அங்கப்பன் மெல்லக் கன்னத்தில் கை வைத்தான்.

"அக்கா, கடைவாய்ல ஒண்ணு வெளிய வந்துடுச்சுக்கா."

உண்ணாமலை விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "இதேதான். சுபேதாரு பல்லு."

"ஆனா எறியறதுக்கு முன்னாடியே முளைக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே?" என்றான் சடையன்.

"டாக்டருக்குப் படிச்சவங்களுக்கு முன்னாடியே தெரியாதாடா?" என்று அக்கா அவன் வாயை அடக்கினாள். "சரி, பல்லு வீட்டை விட்டு வெளிய போகலை. ஒண்ணும் குறையலை. வாங்க, சாப்பிடலாம். ஆனா அங்கப்பா, பல்லு யார்கிட்ட இருக்குதோ வேலையும் அவனுதுதான்."

அன்றிலிருந்து உண்ணாமலை வீட்டு வாசலில் வெளியாள் யாராவது கால் வைத்தால் குரைப்பது சுபேதார், கடிப்பது அங்கப்பன்.

போன வாரம் தபால்காரர் ஆஸ்பத்திரிக்கு நாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளப் போனாராம். அவரும் கூழாங்குடிக்காரர்தான். "கடிச்சது நாயா?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறார்.

"ஆள் அங்கப்பன்" என்றாராம் தபால்காரர். "பல்லுதான் நாயோடது."