நீந்தத் தெரியாத ஆமை

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அந்த ஏரியில் ஒரு கல்லூரி நடந்தது. கல்லூரி முதல்வர் ஒரு நீர்நாய். மீசை நனையாமல் அது ஒரு நாளும் வகுப்பு எடுத்ததில்லை.

அங்கே படிப்பதற்காக, வெகு தூரத்துப் பொட்டல்காட்டிலிருந்து ஓர் ஆமை புறப்பட்டது. பொட்டல்காட்டில் கள்ளியும் கல்லும்தான் உண்டு. அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இந்த ஆமைதான். முயலும் கீரியும் ஓணானும் எல்லைவரை வந்து வழியனுப்பின.

"நம் ஊர்ப் பெயரைக் காப்பாற்று" என்றது கீரி.

ஓணான் பெருமையில் தலையை ஆட்டியது. அது எப்போதும் ஆட்டும்தான். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆட்டியது.

கோடையின் கடைசியில் ஆமை ஏரிக்கு வந்து சேர்ந்தது. சேர்க்கை வரிசையில் நின்றது.

"யார் நீ?" என்று கேட்டது நீர்நாய்.

"ஆமை, ஐயா."

"ஆமையா? ஆழ்நீச்சல் வகுப்புக்குப் போ. அடுத்தது யார்?"

பிள்ளைகளே, குளத்து ஆமை வேறு, தரை ஆமை வேறு. தரை ஆமைக்கு நீந்த வராது. ஆழத்தில் விட்டால் கல்லைப் போல மூழ்கிவிடும். நம் பொட்டல்காட்டு ஆமை தரை ஆமை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. அதற்குள் பின்னால் நின்ற தவளை முந்திக்கொண்டது.

"ஆழ்நீச்சலா? கொடுத்துவைத்தவன் நீ. உங்கள் ஊர் ஏரி பெரியதோ?"

வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமைக்கு வெட்கமாகிவிட்டது.

"பெரியதுதான். இதைவிடப் பெரியது" என்றது.

சொன்னது ஒரே ஒரு பொய். அதற்குத் தீனி போட்டே அந்த ஆண்டு முழுவதும் கழிந்தது. வகுப்பில் எல்லாரும் நடு ஏரிக்குப் போவார்கள். ஆமை கரையோரம் கால் எட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு, முன்னங்கால்களை மட்டும் வீசும். நீர்நாயோ, "ஆமைக்கு நான் நீச்சல் சொல்லித்தர வேண்டுமா?" என்று அதன் பக்கம் வருவதே இல்லை.

நண்டு மட்டும் சந்தேகப்பட்டது. "நீந்துகிறவனுக்குச் சேற்றில் கால்தடம் எப்படி விழும்?"

"எங்கள் ஊர்ப் பெரிய ஏரியில் இப்படித்தான் நீந்துவோம்" என்றது ஆமை.

"ஓகோ" என்றது நண்டு.

தவளை நல்ல சிநேகிதன். நாள் தவறாமல் அந்தப் பெரிய ஏரியின் கதையைக் கேட்கும். ஆமையும் சொல்லும். சொல்லிவிட்டு ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு வருந்தும். 'நான் எதற்கு இங்கே வந்தேன்? எதையும் கற்காமல் திரும்பிப் போனால் கீரியின் முகத்தில் எப்படி விழிப்பேன்?'

அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. கோடையில் ஏரி சுருங்கிச் சுருங்கி ஒரு குட்டையாயிற்று. மீன்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஓடை வற்றும் முன்பே அவை அதோடு கீழே போய்விட்டன. மற்றவர்களை நீர்நாய் கூட்டியது.

"இன்னும் மூன்று நாளைக்குத்தான் தண்ணீர். வேறு ஏரி யாருக்காவது தெரியுமா?"

அவர்கள் ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே வளர்ந்தவர்கள். கரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தவளைதான் துள்ளி எழுந்தது.

"நம் ஆமையின் ஊரில் இருக்கிறதே, ஐயா. இதைவிடப் பெரியது!"

கூட்டம் மகிழ்ந்து கூவியது. "இப்போதே புறப்படலாம்" என்றது நீர்நாய்.

ஆமை யோசித்தது. பேசாமல் இருந்தால் மானம் தப்பும். ஆனால் இத்தனை பேரும் இல்லாத ஏரியைத் தேடிப் போய் வழியிலேயே காய்ந்து செத்துவிடுவார்கள். ஆமை கழுத்தை முழுவதும் வெளியே நீட்டியது.

"ஐயா, எங்கள் ஊரில் ஏரி இல்லை. ஒரு குட்டைகூட இல்லை. நான் பொட்டல்காட்டுத் தரை ஆமை. எனக்கு நீந்தத் தெரியாது."

"என்னிடமுமா பொய் சொன்னாய்?" என்று தவளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஆனால் தண்ணீர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்" என்றது ஆமை.

நண்டு சிரித்தது. "நீந்தத் தெரியாதவனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்?"

"எனக்குத்தான் தெரியும். நீந்துகிறவர்கள் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய்விடுவார்கள். நான் ஒவ்வொன்றையும் சுற்றித்தான் நடக்க வேண்டும். இங்கு வரும் வழியில், பாறைக்குன்றின் அடியில் ஒரு மடு இருந்தது. அதைச் சுற்றி வர எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. அப்போதும் இதே போலக் கடுங்கோடைதான். மடுவில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது."

நீர்நாய் ஆமையை உற்றுப் பார்த்தது. "எவ்வளவு தூரம்?"

"என் நடையில் இரண்டு நாள். வெயில் ஏறினால் புதருக்குள் படுத்துவிட வேண்டும். அடியில் மண் ஈரமாக இருக்கும் புதர் எது என்று நான் காட்டுகிறேன்."

"பொய்யன் பின்னால் நடப்பதா?" என்றது நண்டு. குட்டையைப் பார்த்தது. பிறகு பக்கவாட்டில் நடந்து வந்து வரிசையில் நின்றுகொண்டது.

புறப்பட்டார்கள். கல்லூரியிலேயே மந்தமானவன் என்று பெயர் வாங்கிய ஆமை, அன்று எல்லாருக்கும் முன்னால் போயிற்று. முள் எங்கே, நிழல் எங்கே என்று அதற்குத் தெரிந்திருந்தது. நீச்சலில் சூரனான நீர்நாய் மூச்சு வாங்கிக்கொண்டே, "கொஞ்சம் மெதுவாகப் போ, அப்பா" என்று கெஞ்சியது. ஆமையிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை!

இரண்டாம் நாள் தவளையால் துள்ள முடியவில்லை. ஆமை நின்றது. தவளை தயங்கித் தயங்கி அதன் முதுகில் ஏறிக்கொண்டது. சற்றுப் பொறுத்து, "அந்தப் பெரிய ஏரியைப் பற்றிச் சொல்லேன், கேட்டுக்கொண்டே வருகிறேன்" என்றது. ஆமைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

சாயங்காலம் குன்றைத் தாண்டினார்கள். மடு பளபளவென்று விரிந்து கிடந்தது. எல்லாரும் குதித்தார்கள். ஆமை மட்டும் கரையில் நின்றது. முதல்முறையாக, அப்படி நிற்பதில் அதற்கு வெட்கமே இல்லை.

மீசை நனைந்த நீர்நாய் கரையேறி வந்தது. சேர்க்கை நாளில் கேட்டதையே மறுபடி கேட்டது.

"யார் நீ?"

"பொட்டல்காட்டுத் தரை ஆமை, ஐயா."

"எந்த வகுப்பு?"

"தரைவழி."

"எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு வகுப்பு இல்லையே."

"இனிமேல் இருக்கும், ஐயா" என்றது ஆமை.

மழை பெய்து ஏரி நிறைந்ததும் ஆமைதான் எல்லாரையும் திரும்ப அழைத்து வந்தது. தரைவழி வகுப்பும் தொடங்கியது. நண்டுதான் முதல் மாணவன். அது முதல் நீர்நாய் புதிதாக வருகிறவர்களிடம் "யார் நீ?" என்பதோடு நிறுத்துவதில்லை. "உனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?" என்றும் கேட்கிறது. பதில் வரும்வரை அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை.

செய்தி பொட்டல்காட்டுக்கும் எட்டியது. கீரி அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னது. ஓணான் இன்னும் தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

நீதி: தெரியாததை மறைக்கிறவர், தமக்குத் தெரிந்ததையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்.