மிளகாய்க் கூடையில ஏறின ஜனாதிபதி

ஒரு ஊர்ல ஒரு ஜெனரல் இருந்தாராம். எந்த ஊருன்னு கேளு. ஏழு கடலுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ. நம்ம குழம்புல போடுற மிளகாய் இருக்கே, அதுக்குப் பொறந்த வீடே அதுதான். முதல்ல என் மேலேருந்து காலை எடு, அப்பதான் மீதி. ம்.

ஜெனரல் பேரு ஹசிந்தோ. மீசை இந்தக் காதுலேருந்து அந்தக் காது வரைக்கும். மனுஷன் தங்கம். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டாரு. அவர்கிட்ட இருந்த ஒரே தொல்லையும் அதான்.

முதல்ல அவர் வெறும் சிப்பாய். அப்போ பஸ்குவால்னு ஒரு கர்னல். நல்லவர், ஆனா மகா மறதி, உங்கப்பன் மாதிரி. "இந்த மரத்தடியிலேயே நில்லு, இதோ வந்துடறேன்"னு ஹசிந்தோகிட்ட சொல்லிட்டுப் போனவர் மறந்தே போயிட்டாரு. மழை சோ சோன்னு கொட்டுது. ஹசிந்தோ நகரலையே! மூணாம் நாள் ஞாபகம் வந்து கர்னல் தலைதெறிக்க ஓடி வந்தா, இவர் தொப்பியில குருவி கூடு கட்டியிருக்கு. கர்னலுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "இன்னிலேருந்து நீ கேப்டன்டா"ன்னாரு.

அப்புறம் ஒரு சண்டை. "நேராப் போ, எங்கேயும் திரும்பாதே"ன்னாரு கர்னல். நடுவுல ஆறு. இவர் திரும்பினாரா? தொபுக்கடீர்! படையோட ஆத்துல இறங்கி அக்கரை ஏறினா, எதிரியோட சமையல்கட்டு! அத்தனை பேரும் ரொட்டியை வாயில வச்சபடியே கையைத் தூக்கிட்டாங்க. ஜெயிச்சாச்சு. இவர் ஜெனரல் ஆனாரு, கர்னல் ஜனாதிபதியே ஆயிட்டாரு. ம் கொட்டு. தூங்கிட்டியோ? ம், அப்படி.

அப்போ தேசத்துல ஒரே கலகம். ஜனாதிபதி ஹசிந்தோவைக் கூப்பிட்டு, "மலைக்கோட்டை உன் பொறுப்பு. அடையாள வார்த்தை சொல்லாம எவன் வந்தாலும் கதவைத் திறக்காதே. நானே வந்தாலும் திறக்காதே. அந்த வார்த்தையை யாருக்கும் சொல்லவும் கூடாது"ன்னு, அதைக் காதுல குசுகுசுன்னு ஓதிட்டுப் போனாரு.

அங்கே எல்லாம் பட்டாளத்துக்காரங்க பொண்டாட்டிமாரும் கூடவே போய்ச் சமைச்சுப் போடுவாங்க. ஜெனரல் சம்சாரம் தொமாசாவும் கோட்டைக்குள்ள சோள ரொட்டி தட்டிக்கிட்டிருக்கா, பட் பட் பட்.

ஒரு நாள் மத்தியானம் டொக் டொக் டொக்! வாசல்ல யாரு? ஜனாதிபதி! கிழிஞ்ச சட்டை, ஒத்தைக் கால்ல பூட்ஸு. தூரத்துல கலகக்காரன் குதிரை, டக டக டக.

"ஹசிந்தோ, திறடா! என்னைக் கொல்ல வர்றாங்க!"

"ஐயா, அடையாள வார்த்தை?"

"வந்து... வெற்றி!"

"இல்லீங்க."

"தாய்நாடு!"

"இல்லீங்க ஐயா."

"மிளகாய்!"

"அதுவும் இல்லீங்களே!"

மறந்தே போச்சு, பாவம். ஜெனரல் சுவர் மேல நின்னுக்கிட்டு ஓன்னு அழறாரு. உசுரா நினைச்ச மனுஷன் கீழே சாகப் போறாரு. ஆனா வாக்கு குடுத்ததும் அவருக்குத்தானே! டக டக டக டக, குதிரை கிட்ட வந்துடுச்சு.

தொமாசா மாவுக் கையோட ஓடி வந்தா. விஷயத்தைக் கேட்டு மடேர்னு தலையில அடிச்சுக்கிட்டா. "கதவைத் திறக்காதேன்னுதானே சொன்னாரு? சுவரைப் பத்தி ஏதாவது சொன்னாராய்யா?"

ஜெனரல் யோசிச்சாரு. "சொல்லலையே!"

உடனே மிளகாய்க் கூடையில கயித்தைக் கட்டி சர்ருனு இறக்கினாங்க. ஜனாதிபதி ஏறி உட்கார்ந்தாரு. ஐலசா, ஐலசான்னு இவங்க இழுக்க, ஹச்சு ஹச்சு ஹச்சூன்னு அவர் தும்மிக்கிட்டே மேலே வந்து பொத்துனு விழுந்தாரு. கலகக்காரங்க வந்து கதவை இடிச்சாங்க. "அடையாள வார்த்தை?"ன்னாரு ஜெனரல். அவங்களுக்கு என்ன தெரியும்? சாயங்காலம் வரைக்கும் கத்திப் பார்த்துட்டு, பசி தாங்காம போயிட்டாங்க.

ஜனாதிபதிக்கு வந்துச்சே கோவம்! "ஏன்டா, நான் செத்திருந்தா?"

"அழுதிருப்பேன் ஐயா. கதவைச் சாத்தி வச்சுக்கிட்டே."

ஜனாதிபதி மூக்கைச் சிந்தினாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு. "வர்ற வழியில மூணு கோட்டை. மூணும் கலகக்காரனுக்குத் திறந்து கிடந்துச்சு. இது ஒண்ணுதான் பூட்டியிருக்கும்னு தெரியும். அதான்டா இங்கே ஓடி வந்தேன்."

ஜெனரலுக்குப் பெருமையில மீசை துடிச்சுப் போச்சு.

"அது சரி, அந்த வார்த்தைதான் என்ன?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவுங்க ஐயா."

என்னது, உனக்கு மட்டும் சொல்லணுமா? ஜனாதிபதிக்கே சொல்லலை, உனக்கா! கதை கோட்டைக்குள்ள போயாச்சு, கதவும் சாத்தியாச்சு. நீயும் கண்ணைச் சாத்து.