பல்லக்குக்குப் போட்ட வாய்ப்பூட்டு

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை வீரமாணிக்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றினால், மத்தியானத்துக்குள் அது தண்டோராவாகிவிடும்.

அந்த வருஷம் பெரிய ஏரிக்குப் புது மதகு கட்டினார்கள். மொத்தம் இருபத்தேழு கல். ஒவ்வொன்றையும் மலையடிவாரத்திலிருந்து முப்பத்திரண்டு பேர் வடம் போட்டு இழுக்கவேண்டும். அவர்களுக்குத் தலைவி காத்தாயி. அவள் முன்னால் நின்று ஓர் அடி பாடுவாள். முப்பத்திரண்டு பேரும் "ஏலேலோ" என்று பதில் சொல்லி, அந்த 'லோ'வில் ஒரே மூச்சாக இழுப்பார்கள். நாளுக்கு இரண்டு கல் மதகுக்கு வந்து சேரும்.

எவனாவது இழுப்பதுபோல் பாவனை செய்தால் காத்தாயி திட்டமாட்டாள். அவன் பேரைப் பாட்டில் சேர்த்துவிடுவாள்.

"சடையன் கையி வெண்ணெயாம், வடத்தைத் தொட்டா உருகுமாம்!"

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அடுத்த இழுப்பில் சடையன் ஒருவனே கல்லை நகர்த்திவிடுவான் போலிருக்கும்.

மராமத்து அதிகாரி பவளநாதருக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அதைவிட, ஊர் முழுக்க அதைக் 'காத்தாயி மதகு' என்று சொல்வது பிடிக்கவில்லை. பதினெட்டுக் கல் ஏறியிருந்த சமயம், அவர் ராஜாவின் காதருகே போனார்.

"மகாராஜா, அங்கே வேலையா நடக்கிறது? பாட்டும் கும்மாளமும் நடக்கிறது! வாயை மூடினால் நாளுக்கு நான்கு கல் ஏறாதா?"

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. மத்தியானம் ஏரிக்கரையில் தண்டோரா: "வேலை நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது! திறந்தால் அன்றைக்குக் கஞ்சி கிடையாது!"

வாயை மூடினார்கள். முன்னால் நிற்பவன் இழுக்கும்போது பின்னால் நிற்பவன் மூச்சு வாங்கினான். அவன் இழுக்கும்போது இவன் வியர்வை துடைத்தான். நான்கு நாளில் ஒரே ஒரு கல் வந்தது. வடம் இரண்டு முறை அறுந்தது.

பவளநாதர் மறுபடி காதருகே போனார். "வேண்டுமென்றே செய்கிறார்கள், மகாராஜா. அத்தனை பேரையும் துரத்திவிட்டு வேறு ஆள் பிடிக்கலாம்."

காத்தாயியை அரசவைக்கு அழைத்தார்கள். அவளுக்கு இரண்டு கணக்குத்தான் மனதில் ஓடியது. மீதி எட்டுக் கல். மழைக்குப் பத்து நாள். மதகு முடியாமல் மழை வந்தால் கரை உடையும். துரத்தப்பட்டாலோ முப்பத்திரண்டு அடுப்பு அணையும். ஆணை தப்பு என்று ராஜா முகத்துக்கு நேரே சொன்னால் தலை தப்பாது.

"என்ன காத்தாயி, நம் ஆணை உனக்குக் கசக்கிறதோ?" என்றான் ராஜா.

"கசக்குமா மகாராஜா? இவ்வளவு நல்ல ஆணையை ஏரிக்கரையோட நிறுத்திட்டீங்களேன்னுதான் எங்களுக்கு வருத்தம். அரண்மனை ஆளுங்க மட்டும் பேசிக்கிட்டே வேலை செய்யலாமா?"

"நம் ஆணை ஆள் பார்க்காது!" என்று தொடையைத் தட்டினான் ராஜா. "இந்த நொடி முதல் எல்லா வேலைக்காரர்களுக்கும் அதுதான்!"

"எல்லாருக்கும், எல்லாருக்கும்!" என்றார் பவளநாதர்.

"அப்ப நாளைக் காலையில மகாராஜாவே வந்து எங்க வேலையைப் பாருங்க. பவளநாதர் அய்யாவையும் கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் துரத்தினா நாங்க ஒரு வார்த்தை பேசமாட்டோம்."

மறுநாள் காலை பல்லக்கு புறப்பட்டது. உள்ளே ராஜாவும் பவளநாதரும். முன்னால் நான்கு பேர், பின்னால் நான்கு பேர் தூக்கினார்கள். பின்னால் இருப்பவர்களுக்குப் பல்லக்கு மறைக்கும், பாதை தெரியாது. முன்னால் இருப்பவன்தான் "பள்ளம்!", "கல்லு!", "இடப்பக்கம்!" என்று சொல்லிக்கொண்டே போவான். அன்றைக்கு அவன் வாய் தைத்தது போலிருந்தது.

முதல் பள்ளத்தில் ராஜாவின் கிரீடம் மூக்குவரை இறங்கியது. இரண்டாவதில் பவளநாதர் ராஜாவின் மடியில் விழுந்தார்.

"எழுந்திரும் ஐயா!"

"எழுந்துகொண்டுதான் இருக்கிறேன், மகா—" என்பதற்குள் மூன்றாவது பள்ளம்.

ஏரிக்கரை ஏற்றத்தில் முன்னால் நான்கு பேர் ஒரு பாறையை விட்டு ஒதுங்கினார்கள். பின்னால் நான்கு பேர் நேராக அதன்மேல் போனார்கள். பல்லக்கு சாய்ந்து, இரண்டு பேரையும் சேற்றில் கொட்டியது.

"முட்டாள்களே! பாறை இருக்கிறது என்று ஒருவனாவது சொன்னானா?" என்று கத்தினான் ராஜா.

எட்டுப் பேரும் உதட்டின்மேல் விரல் வைத்தார்கள்.

காத்தாயி ஓடிவந்து கை கொடுத்தாள். "அவங்களைக் கோவிச்சுக்காதீங்க மகாராஜா. வாய் திறந்தா கஞ்சி போயிடும். நான் இன்னும் வேலையைத் தொடல, அதனால பேசறேன். எட்டுப் பேர் தூக்குற பல்லக்கே பேச்சில்லாம இந்தப் பாடு. எங்க கல்லுக்கு முப்பத்திரண்டு பேர்."

ராஜா சேற்றோடு நின்று அவளைப் பார்த்தான். பிறகு பல்லக்கைப் பார்த்தான். பவளநாதரின் மீசையில் ஒரு தவளைக்குஞ்சு உட்கார்ந்திருந்தது. ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஆணை ரத்து! காத்தாயி, என்ன பரிசு வேண்டும், கேள்."

"ரத்து மட்டும் போதாதுங்க. அடுத்த அதிகாரி வந்து மறுபடி போட்டுருவார். ஆணை தப்புன்னு தண்டோரா போடணும்."

ராஜா, பல்லக்கோடு வந்திருந்த தண்டோராக்காரனிடமிருந்து பறையை வாங்கி, தானே அடித்தான்.

"ராஜா வீரமாணிக்கன் தப்பான ஆணை போட்டான்! வேலை செய்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் போட்டான்! இனிமேல் கேட்டுத்தான் போடுவான்!" பிறகு திரும்பி, "பவளநாதரே, கல் இழுக்கும் வேலையைப் பற்றி உமக்கும் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீர் போய்த் தெரிந்துகொண்டு வாரும். மதகு முடியும்வரை வடத்தில் முப்பத்துமூன்றாவது ஆள் நீர்தான்" என்றான்.

எட்டுக் கல்லும் நான்கே நாளில் ஏறின. ஆறு நாள் கழித்து வந்த மழையில் ஏரி நிறைந்தது, கரை அசையவில்லை.

உள்ளங்கையில் ஏழு கொப்புளங்களோடு பவளநாதர் அரசவைக்கு வந்தார்.

"கை ரொம்ப வலிக்கிறதோ?" என்று கேட்டான் ராஜா.

பவளநாதர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இழுக்கும்போது தெரியவில்லை, மகாராஜா. பாட்டு நின்ற பிறகுதான் வலிக்கிறது."