பண்ணைச்செடி சொல்லாமல் விட்டது

செடிகொடிகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், செவத்தாயியின் கேப்பைத் தோட்டத்தில் களையாக ஒற்றைப் பண்ணைச்செடி முளைத்து நின்றது. பிடுங்கக் குனிந்தாள்.

"நாலு மாசம்தான் தாயி என் ஆயுசு. ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுப் போய்விடுகிறேன்" என்றது செடி.

அதன் இளஞ்சிவப்புப் பூவைப் பார்க்க அவளுக்கும் ஆசை. விட்டுவிட்டாள். சொன்னபடியே செடி பூத்தது, காய்ந்தது, செத்தது.

அடுத்த மழைக்குத் தோட்டமெங்கும் பண்ணை. நடுவில் கேப்பையைத் தேடவேண்டியிருந்தது. செவத்தாயி பதறிப்போய் ஒரு செடியைப் பிடித்து உலுக்கினாள். "உங்களை இங்கே கொண்டுவந்து போட்டது யார்?"

"எனக்கென்ன தெரியும்? நான் மண்ணுக்குள் கிடந்தேன். கோடையில் உன் கொழுந்தன் வரப்பில் நடந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான்."

கொழுந்தன் இருளப்பனுக்குப் பக்கத்துத் தோட்டம். இருவருக்கும் ஒரே கிணறு. அவள் தோட்டத்தைத் தாண்டித்தான் அவனுக்குத் தண்ணீர் போகவேண்டும்.

அவன் தோட்டத்தில் மட்டும் ஏன் பண்ணை இல்லை? முந்தாநாள் தன்னைப் பார்த்து ஏன் சிரித்தான்? மடியில் என்ன முடிந்து வைத்திருந்தான்? நினைக்க நினைக்க எல்லாம் அவன் வேலையாகவே தெரிந்தது. வாய்க்காலை மண் போட்டு அடைத்தாள். அவன் வந்து காரணம் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பகலெல்லாம் வரப்பில் உட்கார்ந்து அவனையே கவனித்தாள். அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் காற்று அடித்தது. காலடியில் பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது. குனிந்து பார்த்தாள். முற்றிய பண்ணைப் பூவிலிருந்து எள்ளைவிடச் சிறிய கறுப்பு விதைகள், மினுமினுவென்று.

"நீதானா! போய்விடுவேன் என்றுதானே உன் தாய் சொன்னாள்?"

"போய்விட்டாளே. பிள்ளைகளைப் பற்றி நீ கேட்கவில்லை."

செவத்தாயி ஓடிப்போய் வாய்க்காலைத் திறந்தாள். தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது இருளப்பனின் பயிரில் பாதி கருகியிருந்தது. அவன் திட்டவில்லை.

"செடிகிட்ட கேட்டீங்க மதினி. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றான்.

அழுதுகொண்டே திரும்பியவள் பண்ணையை ஒன்றுவிடாமல் பிடுங்கினாள். கடைசிச் செடி வேரோடு வரும்போது மண்ணில் கிடந்த விதைகளிடம் சொன்னது: "இவளை நம்பாதீர்கள். மழையையும் நம்பாதீர்கள். எல்லோரும் ஒரே நாளில் தலைகாட்டாதீர்கள்."

அன்றிலிருந்துதான் பண்ணை விதை இந்த மழைக்குக் கொஞ்சம், மறுவருஷத்துக்குக் கொஞ்சம் என்று ஒளிந்திருந்து முளைக்கிறது. களையெடுக்கும் பெண்களும் அதனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பூ வைக்குமுன்னே பிடுங்கிப் போடுகிறார்கள்.