நாலு புல்லுக்கு இரண்டு தீர்ப்பு

கொறுக்கைத் தாங்கல் என்று ஓர் ஏரி. ஏரியைச் சுற்றிலும் காடு. கரையில் ஓர் ஈச்சமரம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. அந்த மரத்தில் நாரப்பன் என்ற தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தான்.

தூக்கணாங்குருவிகளில் ஆண்தான் கூடு பின்னும். பெண் வந்து பார்க்கும். இழுத்துப் பார்க்கும், உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால் குடிவரும். பிடிக்காவிட்டால் "ம்ஹும்!" என்று பறந்துவிடும். போன வருஷம் நாரப்பன் பின்னிய கூட்டைப் பார்த்து ஒருத்தி "ம்ஹும்" சொன்னாள். இந்த வருஷம் அதற்குள் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அதனால் அவனுக்கு எப்போதும் மூக்குமேல் கோபம்.

போன வருஷம் அவன் வேண்டாம் என்று விட்ட கூடு, அதே மரத்தில் வேறொரு மட்டையில் தொங்கியது. அதில் தினைமணி குடியிருந்தாள். தினைமணி ஒரு சில்லைக்குருவி. தவிட்டு நிறம், தடித்த மூக்கு, ஒரு கைப்பிடி முருங்கைப்பூ அளவுக்கு உடம்பு. சில்லைக்குருவிகளுக்குத் தொங்குகூடு பின்ன வராது. யாரும் இல்லாத பழைய கூடாகத் தேடிப் பிடிப்பார்கள். குப்பையைத் தள்ளி, உள்ளே மெத்தென்று இறகு பரப்பிக் குடிபோவார்கள். தினைமணியும் அப்படித்தான் வந்தாள். இப்போது கூட்டில் மூன்று முட்டை. இன்னும் இரண்டே நாளில் பொரிந்துவிடும்.

இந்த மாதிரிக் குருவிகளுக்கு அந்த ஏரியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. "ஓசிக்கூடு!"

யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோர் வாயிலும் இருந்தது. யாராவது அடுத்தவர் பழத்தில் ஒரு கொத்துக் கொத்தினால், "என்னடா, ஓசிக்கூடு ஆயிட்டியா?" என்பார்கள். குஞ்சுகள் சண்டை போட்டால், "போடா ஓசிக்கூடு!" என்று சொல்லிவிட்டு ஓடும். தினைமணியும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் காலையில் வானம் கறுத்தது. தினைமணி தன் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். முட்டைக்கு நேர்மேலே ஓர் ஓட்டை! மழை பெய்தால் தண்ணீர் நேராக முட்டைமேல் இறங்கும்.

அந்த நேரம் பார்த்து, பின்னிக்கொண்டிருந்த நாரப்பன் வாயிலிருந்து நாலு கோரைப்புல் நழுவிக் கீழே விழுந்தது. தினைமணி பாய்ந்தாள். நாலையும் கவ்விக்கொண்டு வந்து ஓட்டையில் திணித்தாள்.

"ஏய்! என் கோரை!" என்று கத்தினான் நாரப்பன்.

"கீழே விழுந்ததுதானே அண்ணே! மழை வருதேன்னு..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலே. தப்புதான். பதட்டத்துல தோணலே."

"உனக்கு எப்படித் தோணும்? ஓசிக்கூட்டுப் புத்தி! உன்னை இந்த மரத்தை விட்டே கிளப்பறேன் பார்!"

நாரப்பன் வழக்குப் போட்டுவிட்டான்.

கொறுக்கைத் தாங்கலில் வழக்கு விசாரிக்க ஒரு முறை உண்டு. ஒரே வழக்கைக் கீழ்க்கரையிலும் சொல்வார்கள், மேல்கரையிலும் சொல்வார்கள். கண்ணால் பார்த்த இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கரைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். நடந்ததில் எதையும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டு கரையும் தனித்தனியே தீர்ப்புச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வழக்கு முடிந்தது. ஒரு கரையில் ஒருவருக்கு மாமன் மச்சான் இருந்தாலும் மறுகரையில் இருக்க மாட்டானே! அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதுவரை இரண்டு தீர்ப்பும் மாறிப்போனதே இல்லை.

நடந்ததை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஒருத்தி சலங்கை என்ற மைனா. இன்னொருத்தி அல்லி என்ற நீர்க்கோழி.

சலங்கை கீழ்க்கரைக்குப் பறந்தாள். முள்ளம்பன்றி முள்ளையன்தான் அந்தக் கரைக்கு நாட்டாமை. அவரைச் சுற்றி முயல், கீரி, கொக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். சலங்கை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"நாரப்பன் கூடு பின்னும்போது நாலு புல் கீழே விழுந்துச்சு. ஒரு ஓசிக்கூடு அதை எடுத்துட்டுப் போய்த் தன் கூட்டு ஓட்டையை அடைச்சுக்கிச்சு. கூட்டுல மூணு முட்டை இருக்கு. மழை வரப்போகுது. நாரப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலே. அவ்வளவுதான்."

"அதானே!" என்றது கீரி. "ஓசிக்கூடு கேட்டுட்டா எடுக்கும்?"

"இன்னைக்குப் புல்லு! நாளைக்குப் புதுக்கூடு!" என்றது கொக்கு.

"இதுங்களுக்கு இடம் கொடுத்தா மரத்தையே எழுதித் தரச் சொல்லும்!" என்று முயல் குதித்தது.

முள்ளையன் முட்களைச் சிலிர்த்தார். "உச்சிப்பொழுதுக்குள்ள மரத்தைக் காலி பண்ணணும். இதுதான் தீர்ப்பு!"

அதே நேரத்தில் மேல்கரையில் அல்லி பேசிக்கொண்டிருந்தாள். நீர்நாய் துழாவிதான் அந்தக் கரைக்குத் தலைவி. ஆமையும் தவளையும் மானும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாரப்பன் கூடு பின்னும்போது நாலு புல் கீழே விழுந்துச்சு. தினைமணி அதை எடுத்துட்டுப் போய்த் தன் கூட்டு ஓட்டையை அடைச்சுக்கிட்டா. கூட்டுல மூணு முட்டை இருக்கு. மழை வரப்போகுது. நாரப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலே. அவ்வளவுதான்."

"ஐயோ, ஓட்டை பெருசா?" என்றது ஆமை.

"நாலு புல்லு போதுமாமா? நான் வேணா ரெண்டு பறிச்சுத் தரட்டா?" என்றது மான்.

"கேக்காம எடுத்தது தப்புதானே?" என்றது தவளை.

"தப்புதான்" என்றாள் துழாவி. "வெயில் வந்ததும் எட்டு புல் பறிச்சு நாரப்பன்கிட்ட கொடுத்துட்டு, 'மன்னிச்சிருங்க அண்ணே'ன்னு சொல்லட்டும். இதுதான் தீர்ப்பு!"

இரண்டு தீர்ப்பும் ஈச்சமரத்துக்கு வந்து சேர்ந்தன. ஏரியே அசந்துபோனது. தீர்ப்பு மாறிவிட்டதே! இரண்டு கரையும் ஒரே இடத்தில் கூடிப் பேச வேண்டியதுதான். ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலில் எல்லோரும் கூடினார்கள். வானம் உறுமியது. முட்டைமேல் தன் வீட்டுக்காரனை உட்கார வைத்துவிட்டுத் தினைமணி தனியாகக் கலங்கலுக்கு வந்தாள். முட்டையை மூக்கில் தூக்கிக்கொண்டு எந்தக் குருவியாலும் வீடு மாற முடியாது. மரத்தை விட்டால் மூன்றும் போச்சு.

"உங்க கரையில யாரோ பொய் சொல்லியிருக்காங்க!" என்றார் முள்ளையன்.

"எங்க அல்லியா? உங்க சலங்கைதான் கூட்டிச் சொல்லியிருப்பா!" என்றாள் துழாவி.

சலங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா? என் குஞ்சுங்க மேல சத்தியமா நான் எதையும் கூட்டலே! வேணும்னா மறுபடியும் சொல்றேன், கேட்டுக்குங்க!"

"அப்ப நானும் சொல்றேன்" என்றாள் அல்லி.

இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக மறுபடியும் சொன்னார்கள். புல் நாலு. முட்டை மூன்று. மழை ஒன்று. கேட்காமல் எடுத்ததும் ஒன்றுதான். எல்லாம் ஒத்துப்போனது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறியது.

"சலங்கை, நீ தினைமணின்னு சொல்லவே இல்லியே!" என்றது ஆமை.

"அதுக்கென்ன? ஓசிக்கூடுன்னு சொன்னேன். எல்லாரும் சொல்றதுதானே! விளையாட்டுப் பேரு!"

"தினைமணியா?" என்று திடுக்கிட்டது முயல். "போன மாசம் என் குட்டியை வல்லூறு தூக்க வந்தப்ப கத்திக் காப்பாத்துனாளே, அந்தத் தினைமணியா? யாரோ ஒரு ஓசிக்கூடுன்னுல்ல நினைச்சேன்!"

நாரப்பன் குறுக்கே பாய்ந்தான். "யாரா இருந்தா என்ன? அடுத்தவன் கட்டின கூட்டுல இருந்தா ஓசிக்கூடுதான். உள்ளதைச் சொன்னா தப்பா? பாசமாத்தானே கூப்பிடறோம்!"

சிலர் தலையாட்டினார்கள். "அதுவும் சரிதான். உள்ளதுதானே!"

அப்போது தினைமணி முன்னால் வந்தாள். குரல் சின்னதுதான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"கேக்காம எடுத்தது என் தப்பு. அதை நான் இல்லேன்னு சொல்லலே. ஆனா ஒண்ணு கேக்கலாமா? சலங்கை அக்கா, நீங்க இருக்கிற பொந்தை யாரு குடைஞ்சது?"

சலங்கை விழித்தாள். "அது... மரங்கொத்தி குடைஞ்சது. அவரு விட்டுட்டுப் போனாரு. சும்மாதானே கிடந்துச்சு!"

"என் கூடும் சும்மாதான் கிடந்துச்சு. உங்களை யாராவது ஓசிக்கூடுன்னு சொன்னாங்களா அக்கா?"

"என்னையா? என்னை எதுக்குச் சொல்றாங்க!"

"கீரி மாமா இருக்கிற வளை?"

கீரி தொண்டையைக் கனைத்தது. "அது கரையான் புத்து. கரையான் போன பின்னாடி, கொஞ்சம் பெருசு பண்ணிக்கிட்டேன்."

"ஆந்தையார் இருக்கிற பொந்து?"

"அதுவும் யாரோ விட்டதுதான்" என்றது கொக்கு.

"அப்ப இன்னைக்குப் பொழுது சாயறப்ப போய், 'ஏ ஓசிக்கூடு!'ன்னு ஆந்தையாரைப் பாசமாக் கூப்பிட்டுட்டு வாங்களேன்!"

"அம்மாடி!" என்று கொக்கு ஓரடி பின்னால் போனது. "மண்டையில ஓட்டை போட்டுருவாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு சிரிப்பு அப்படியே அடங்கியது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முள்ளையனின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. "அப்படின்னா, இது கூட்டைப் பார்த்து வச்ச பேரு இல்லே. ஆளு சின்னவளா, திருப்பிக் கொத்த மாட்டாளான்னு பார்த்து வச்ச பேரு" என்றார் அவர். "நான் அந்தப் பேரைக் கேட்டதுமே தீர்ப்பை முடிவு பண்ணிட்டேன். முட்டைன்னு சொன்னது காதுலயே விழலே. மழைன்னு சொன்னதும் விழலே. துழாவி சொன்னதுதான் இனி என் தீர்ப்பும்."

"நான் எதையும் கூட்டலேன்னு சத்தியம் பண்ணினேனே!" என்று சலங்கை இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அந்த ஒரு சொல்லுலயே அவ்வளவும் கூட்டியிருக்கேனே!"

நாரப்பன் மட்டும் இன்னும் விறைத்துக்கொண்டு நின்றான். தினைமணி அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஏரியில எத்தனையோ பழைய கூடு தொங்குது. நாங்க பதினோரு கூடு பார்த்தோம். உங்க கூட்டுக்குத்தான் வந்தோம். ஏன் தெரியுமா? காத்துல ஆடினா மத்த கூடெல்லாம் முறுக்கிக்குது. உங்க கூடு தொட்டில் மாதிரி ஆடுது. முட்டை உருளவே உருளாது."

"பதினோரு கூடா?" என்றான் நாரப்பன்.

"ஆமா அண்ணே. என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க."

அந்த நேரம் சொட்டென்று ஒரு மழைத்துளி முள்ளையன் மூக்கில் விழுந்தது.

"அட, பேசிக்கிட்டே நிக்கறோமே!" என்று கத்தினான் நாரப்பன். "நாலு புல்லைச் சும்மா திணிச்சா நிக்குமா? உள்ளே விட்டு முடிச்சுப் போடணும்! தள்ளுங்க, தள்ளுங்க!"

அவன் அம்பாகப் பறந்தான். மான் கோரையைக் கடித்துப் போட்டது. சலங்கையும் அல்லியும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். நாரப்பன் தலைகீழாகத் தொங்கி, மழையில் நனைந்து, ஓட்டையை இரண்டு அடுக்காகப் பின்னி முடித்தான். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

வெயில் வந்ததும் தினைமணி எட்டு புல் பறித்துக்கொண்டு போய் நாரப்பனிடம் கொடுத்தாள். தீர்ப்பு தீர்ப்புதானே! அவனும் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

முட்டை மூன்றும் சொன்ன நாளில் பொரிந்தன. இரண்டு கரையும் சேர்ந்து வழக்குமுறையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தன. யாரைப் பற்றிச் சொன்னாலும் பட்டப்பெயர் கூடாது, சொந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

அதற்காகப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? மறுவாரமே தவளை வாய் தவறி "ஓசி..." என்று ஆரம்பித்தது. பத்துப் பேர் திரும்பிப் பார்த்ததும், "ஓசி... ஓசைப்படாமப் போனேன்னு சொல்ல வந்தேன்!" என்று தண்ணீரில் குதித்துவிட்டது. குஞ்சுகள் சண்டை போடும்போது இன்னும் ஒன்றிரண்டு கத்தத்தான் செய்தன. அப்போதெல்லாம் சலங்கை பறந்து வந்து, "அவனுக்குப் பேர் இல்லியா? பேரைச் சொல்லிச் சண்டை போடுங்க!" என்பாள். பேரைச் சொல்லிச் சண்டை போட்டால், என்ன காரணமோ, சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டது.

எல்லோரிடமும் இருக்கிற ஒன்றை எளியவருக்கு மட்டும் பட்டப்பெயராகச் சூட்டுகிறவர், விசாரிக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்.