சீறக்காவும் சர்க்கரைச் சட்டைக்காரனும்

சிரிப்பு இருக்கு, கடைசியில. இப்பவே பல்லைக் காட்டினா கதையை நிறுத்திடுவேன். "ம்" மட்டும் கொட்டு.

"ம்."

ஒரு உடம்புக்குள்ள ஒரு ஊர்ல ஒரு காவக்காரி, பேரு சீறக்கா. அவளுக்குக் கண்ணு கிடையாது, கைதான். அங்க பிறந்தவங்க எல்லாரும் சர்க்கரைச் சட்டை போட்டிருப்பாங்க. தடவிப் பார்ப்பா, நறநற. சர்க்கரை பட்டா அவ கோவம் புஸ்ஸுனு இறங்கிடும். படலையா, வெளியாள்னு லபக். வயசாக ஆக அந்தச் சர்க்கரை உதிரும். மொத்தமா உதிர்ந்த பெரியவங்களை மட்டும் அவ விழுங்கமாட்டா, அவங்க போனா திரும்பாத ஈரல் சத்திரத்துக்குப் போயிடணும், அதான் ஊர் வழக்கம்.

அப்புறம், அந்த ஊர்லயே புடைச்சான்னு ஒருத்தன் கெட்டுப்போனான். தின்னான், பெருத்தான், பக்கத்து வீட்டையும் தின்னான். சீறக்கா காக்கற மூணு வாசலையும் தாண்டி ரத்த வாய்க்கால்ல இறங்கிட்டா ஊரே அவனுக்கு. அதனால சட்டை மேல சட்டையா சர்க்கரை பூசிக்கிட்டான்.

முதல் வாசல்ல மழலைக் குரல். "அக்கா, நான் குட்டிப்பாப்பா."

நறநற. புஸ்ஸு. "போ கண்ணு."

ரெண்டாவது வாசல்ல அத்தைக் குரல். "விருந்து முடிஞ்சு போறேன்டி, வயிறு உப்பியிருக்கு, வழியை விடு."

நறநற. புஸ்ஸு. "போங்கத்தே."

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ மூணாவது வாசலுக்கு ரத்தினம் தாத்தா வந்தாரு. காலமெல்லாம் ஊருக்கு மூச்சுக்காத்து சுமந்தவரு. சீறக்கா தடவினா, ஒரு பொடி ஒட்டல. "சத்திரத்துக்குக் கிளம்புங்க தாத்தா"ன்னா. உழைச்சவரைப் போய் அனுப்பறோமேன்னு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

பின்னாடியே லொக்கு, லொக்கு. "அம்மாடி, நான் ரத்தினத்துக்கு அண்ணன். வாய்க்கால்ல காலை நனைச்சுட்டு வந்துடறேன்."

நறநறநற. கோவம் புஸ்ஸு... பாதியில நின்னுடுச்சு.

"அவருக்கு மூத்தவரா?"

"ரொம்ப மூத்தவன்மா."

"தம்பிக்கு ஒரு பொடி மிச்சமில்ல. உங்களைத் தொட்டா என் முழங்கை வரைக்கும் ஒட்டுதே தாத்தா."

லொக்கு நின்னுபோச்சு.

"இதே ஒட்டல் அந்த ரெண்டு வாசல்லயும் இருந்துச்சே, பாப்பாவும் நீதானா? அத்தையும் நீதானா? அந்த மனுஷனைத் துரத்தின கையாலயே உனக்கு ரெண்டு வாசலைத் திறந்துவிட்டிருக்கேனேடா."

புடைச்சான் மழலைக் குரலை எடுத்தான். "அக்கா..."

சீறக்கா அவன் சட்டையைக் கொத்தாப் பிடிச்சா.

இப்போ சிரிச்சுக்கோ. சிரிச்சாச்சா? அவ பிடியை விடமாட்டா, நீ கண்ணை மூடு.