ஏரி முடியும் இடம்

அநியாயம் யாருக்கு நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஓடைக்கரையில் முப்பத்தொரு வீடுகள். ஓடை ஏரியில் சேரும் வாயை மறித்துப் புதுச் சாலை போட்டார்கள். மழைத் தண்ணீர் திரும்பி வீடுகளுக்குள் புகுந்தது. அஞ்சலாட்சியின் புருஷன் ஏகாம்பரம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். கட்டிலோடு மூழ்கிப்போனார்.

கோரைக்குள் கூடு வைத்திருந்த தாழைக்கோழிகளும் போயின. அவற்றுக்கு வரைபடத்தில் வேறு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது கல்குவாரி. பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வரைபடத்தைப் போட்டவர் ஞானசிகாமணி. ஊரமைப்பு அதிகாரி. வயது ஐம்பத்தாறு.

அவருக்கு ஒரு குரு உண்டு. ஏரி மதகைத் திறந்து மூடும் பூங்காவனம். வயது முப்பது.

"என்ன சார், மதகுக்காரிகிட்ட பாடமா?" என்று ஆபீஸில் சிரிப்பார்கள்.

"நீங்க சொல்றதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சது. அவ சொல்றது தெரியாதது" என்பார்.

மூன்று வருஷம் முன்னால், ஒரு வைகாசியில், அவளிடம் வந்து நின்றார்.

"ரோடு வேணும், வீடு வேணும், பறவைக்கும் இடம் வேணும். எல்லாருமா என் கழுத்தப் புடிக்கிறாங்க. ஏரி எங்க முடியுதுன்னு மட்டும் சொல்லும்மா. அதுக்கு வெளியில கோடு போட்டுடறேன்."

"உங்களுக்கு எங்க முடியுற மாதிரி இருக்கு?"

அவர் கரையிலிருந்து இறங்கி நடந்தார். வெடித்த மண் முடிந்து ஈரம் தொடங்கும் இடத்தில் நின்றார்.

"இங்க."

"செருப்ப அங்கயே கழட்டி வெச்சிட்டுப் போங்க."

"எதுக்கு?"

"ஏரி நெறையட்டும். கார்த்திகையில வந்து எடுத்துக்கிட்டு, அப்புறம் கோடு போடுங்க."

"திங்கட்கிழமை வரைபடம் போயாகணும்மா."

"ஏரிக்குத் திங்கட்கிழமை தெரியாது சார்."

அவர் சிரித்துவிட்டார். வெறுங்காலோடு ஜீப்பில் ஏறினார்.

பூங்காவனம் செருப்பை ஒரு பனங்கட்டையில் கட்டி, அதே இடத்தில் கட்டையை ஊன்றினாள்.

திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டார். செருப்பிலிருந்து முந்நூறு அடி தள்ளித்தான் சாலை. தாராளமாக விட்டதாகவே நினைத்தார்.

இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. சாலை வந்தது. சாலையோரம் மனைகள் விற்றன.

மூன்றாவது கார்த்திகையில் ஏரி நிறைந்தது.

ஏகாம்பரத்தை அடக்கம் செய்த மறுநாள் ஞானசிகாமணி வந்தார். சாலையின் மேல் முழங்கால் அளவு தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பூங்காவனம் நீண்ட கழியால், சாலையோரம் அடைத்துக் கிடந்த குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அன்னைக்கே வாயத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். "ஒரு ஆளு செத்துட்டாரும்மா."

"அஞ்சலாட்சி என் பெரியம்மா பொண்ணு. செத்தத நீங்க வந்து எனக்குச் சொல்ல வேணாம்."

கழி தண்ணீரில் சளக் சளக்கென்றது.

அவர் தண்ணீரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என் செருப்பு எங்க?"

அவள் மோவாயால் காட்டினாள்.

தூரத்தில், நடுத் தண்ணீரில், பனங்கட்டையின் நுனி ஒரு சாண் தெரிந்தது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. மேலதிகாரி.

"ஞானசிகாமணி, ரெண்டாம் கட்ட ரோட்டுக்கு வரைபடம் ரெடி. போன சித்திரையில அளந்தது, ஒரு தப்பும் கெடையாது. சாயந்திரத்துக்குள்ள உங்க கையெழுத்து வேணும். எங்க இருக்கீங்க, ரோட்டுலயா?"

அவர் குனிந்து பார்த்தார். ஒரு கெண்டைக்குஞ்சு அவர் கால் விரலைக் கொத்திவிட்டு, சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போனது.

"இல்ல சார்," என்றார். "ஏரிக்குள்ள நிக்கிறேன்."